சுலைகாள் பேருக்கு ஒரு கெடா

சிவகாசி,
20-11-1961

அன்புத் தம்பி சிக்கந்தருக்கு,

உன் அக்கா சுலைகாளின் சலாம். அல்லாஹ்வின் காவலில் நான் சுகம். கடலுக்கு அப்பால் பினாங்கில் இருக்கும் உன் சுகத்துக்கு ஐந்து வேளையும் கையேந்துகிறேன்.

தீபாவளி சீசன் முடிந்துவிட்டது. கம்பெனியிலிருந்து தாளும் பசையும் வீட்டுக்கே வருகிறது. நானும் பக்கத்து வீட்டு அய்யம்மாளும் வாசலில் உட்கார்ந்து வெடிக்குக் குழாய் சுருட்டுகிறோம்.

முதலில் ஒரு விஷயம். போன நோன்புப் பெருநாளைக்கு நீ எனக்குப் பட்டு அனுப்பியதாகப் பள்ளிவாசல் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன். யாராவது எழுதிக் கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடு. நிறம் கத்தரிப்பூ. "காட்டுங்க, பாப்போம்" என்றார்கள். அந்து விழும் என்று பெட்டியில் பூட்டியிருப்பதாகச் சொன்னேன். அதே மாதிரி, போன இரண்டு ஹஜ்ஜுப் பெருநாளைக்கும் நம் வீட்டில் ஏன் அறுப்பு இல்லை என்று கேட்டவர்களுக்கு, நீ பினாங்கிலேயே மாடு கொடுத்துவிட்டாய் என்று சொல்லியிருக்கிறேன். அதையும் ஞாபகம் வைத்துக்கொள்.

இனிதான் பெரிய விஷயம். நான் கெடா வாங்கிவிட்டேன்! ஆனைக்குட்டத்தில் செல்லப்பாண்டி என்று ஒரு ஆட்டுக்காரர். போன ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்த மறுவாரமே போய்க் குட்டியாகப் பிடித்து வந்தேன். இத்தனை மாதமும் உனக்குச் சொல்லவில்லை, நிலைக்கட்டும் என்று பார்த்தேன். பிடிக்கும்போது அந்த ஆட்டுக்காரர், "எதுக்குத் தாயி, வளத்து விக்கவா?" என்று கேட்டார். "விக்கிறதுக்கில்ல. வர்ற ஹஜ்ஜுப் பெருநாளுக்கு, அல்லாவுக்கு" என்று அங்கேயே வாய்விட்டு நிய்யத்துச் சொன்னேன்.

அத்தா இருந்தவரை அத்தா பேருக்கு அறுத்தோம். பிறகு உன் மச்சான் பேருக்கு. அவர் மௌத்தான பின் உன் பேருக்கு. எனக்கு முப்பத்தெட்டு வயதாகிறது. பள்ளிவாசல் மோதினார் கத்தியை எடுத்துக்கொண்டு "யார் பேருக்கு?" என்று கேட்கும்போது ஒரு தடவைகூட என் பேர் சொல்லப்பட்டதில்லை. இது என் கைக்கூலியில் வாங்கியது. என் பேருக்கு. நீ ஒன்றும் அனுப்ப வேண்டாம்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.
சுலைகாள்


பினாங்கு,
18-12-1961

என் மதிப்புக்குரிய அக்கா அவர்களுக்கு,

தம்பி சிக்கந்தர் சலாமுடன் எழுதிக்கொண்டது. நான் நல்ல சுகம். உங்கள் சுகம் அறிந்து மனம் குளிர்ந்தேன்.

இங்கே விடாத மழை. கடை நன்றாக நடக்கிறது, கவலை வேண்டாம். எழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்கவும். விரல் இடுக்கில் தண்ணீர்ப்புண், பேனா பிடிக்க எரிகிறது.

பட்டு விஷயம் சரி. கத்தரிப்பூ நிறம், மறக்கமாட்டேன். மாடு விஷயமும் சரி.

கெடா வாங்கியது சந்தோஷம். ஆனால் பெண்பிள்ளை தனியாக அலைந்து எதற்குச் சிரமப்பட வேண்டும்? பெருநாளுக்கு முன்னால் நானே பணம் அனுப்பி வைக்கிறேன். எப்போதும் போல என் பேருக்கே கொடுத்துவிடலாமே. ஊரும் அதைத்தானே எதிர்பார்க்கும்?

எனக்கும் ஊருக்கு வர ஆசைதான். எட்டு வருஷம் கழித்து வெறுங்கையோடு வந்து நிற்க முடியுமா? அடுத்த வருஷம் பார்க்கலாம், இன்ஷா அல்லாஹ்.

தங்கள் துஆவை நாடும்,
சிக்கந்தர்


சிவகாசி,
10-1-1962

தம்பிக்கு அக்காவின் சலாம்.

சுகம்தான். ஆனால் உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு வந்த கோபத்தில் ஒரு கட்டு குழாய் கோணலாகச் சுருட்டி, போர்மேன் பெத்தணனிடம் ஏச்சு வாங்கினேன். "என்னக்கா, வெடிக்குக் குழா கேட்டா வெண்டைக்கா சுருட்டி வச்சிருக்கீக" என்கிறான். எல்லாம் உன்னால்.

அடேய், ஊர் எதிர்பார்க்கும் என்றா எனக்கு எழுதுகிறாய்? ஊர் எதிர்பார்த்தபடி இருந்திருந்தால், உன் மச்சான் போன கையோடு நான் மூலையில் உட்கார்ந்து, தருகிற வீட்டில் சோறு வாங்கித் தின்றிருக்க வேண்டும். ஐந்தாம் வகுப்பு வரை ஞானதீபம் டீச்சர் எனக்கு எழுதப் படிக்கச் சொல்லித் தந்தது, யாரிடமும் போய் நிற்காமல் என் கடிதத்தை நானே எழுதத்தான். என் கெடாவும் என் பேருக்குத்தான். அதில் பேச்சே கிடையாது.

கெடாவைப் பற்றிக் கேள். கறுப்பு, நெற்றியில் மட்டும் வெள்ளை. திமிரைப் பார்க்க வேண்டுமே! அகத்திக் குழையைப் போட்டால் முகர்ந்துவிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கொள்கிறது. மைதா பசை தடவிய கழிவுத்தாளைக் கொடுத்தால் கையோடு தின்கிறது. பசை வாளியை நான் எடுத்தாலே கயிற்றை இழுக்கிறது. "மதினி, இது கெடா இல்ல, லேபிள் ஒட்டுற மெசினு" என்று அய்யம்மாள் சிரிக்கிறாள். அவளும் இருக்கன்குடி மாரியம்மனுக்கு ஒரு கெடா நேர்ந்துவிட்டிருக்கிறாள். என் கெடாவின் கால் தூசிக்கு ஆகாது. அவளிடம் சொல்லவில்லை.

ஒன்று கேட்க வேண்டும். கல்லாவில் உட்காரும் முதலாளிக்கு விரல் இடுக்கில் எப்படித் தண்ணீர்ப்புண் வரும்?

மறக்காமல் பதில் எழுது.
சுலைகாள்


பினாங்கு,
20-2-1962

அன்புள்ள அக்காவுக்கு,

சலாம். நோன்பு பிடித்துக்கொண்டு சுகமாக இருக்கிறேன். பதில் தாமதமாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பேருக்கே கொடுங்கள். நான் எழுதியது தப்பு.

நேற்று இரவு தராவீஹ் தொழுகை முடிந்து இங்குள்ள பள்ளிவாசல் அஸரத் ஹஜ்ஜுப் பெருநாள் குர்பானியைப் பற்றிப் பேசினார். கறியும் ரத்தமும் அவனிடம் போய்ச் சேராது, மனசில் இருக்கும் பயபக்திதான் போய்ச் சேரும் என்றார். இப்றாஹீம் நபியிடம் அல்லாஹ் கேட்டது ஆட்டை அல்ல, எதை விட முடியாதோ அதைக் கேட்டான் என்றார். ஒவ்வொருத்தருக்கும் அப்படி ஒன்று இருக்கும், அதைத் தெரிந்துகொள்ளத்தான் வருஷத்துக்கு ஒரு தடவை கத்தியை எடுக்கிறோம் என்றார். எனக்கு அது என்னவென்று அங்கேயே தெரிந்துவிட்டது. தூக்கம் வரவில்லை.

கெடாவுக்குப் பேர் வைத்துவிடாதீர்கள் அக்கா. பிறகு கஷ்டம்.

சிக்கந்தர்


சிவகாசி,
19-3-1962

தம்பி சிக்கந்தருக்கு,

சலாம். நோன்புப் பெருநாள் நல்லபடியாகக் கழிந்தது. உன்னை நினைத்துக்கொண்டு ஒரு கரண்டி வட்டலப்பம் கூடுதலாகத் தின்றேன்.

புண்ணைப் பற்றிக் கேட்டேன், நீ ஒன்றும் எழுதவில்லை. போகட்டும். வேப்பெண்ணெய் தடவு.

கெடாவுக்குப் பேர் வைக்கவில்லை. "ஏலே" என்று கூப்பிட்டால் வருகிறது, அது போதும். இப்போது அது நடந்தால் தெரு நின்று பார்க்கிறது. நேற்று மண்டிக்காரர் வீட்டு ராபியாவே படி இறங்கி வந்தாள். கொம்பைத் தொட்டாள், பல்லைப் பார்த்தாள். "எங்க வீட்டுக் கெடா இம்புட்டு வளரல. எங்கன பிடிச்சீக? ஒரு ஒச்சம் இல்லையே!" என்றாள். பெருநாள்தோறும் பத்து வீட்டுக்குக் கறி கொடுத்தனுப்புகிற மகராசி என் கெடாவைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள். எனக்கு ஒரு வாரத்துக்குச் சோறே வேண்டாம் போலிருந்தது.

கர்வம் ஆகாது என்று எழுதாதே. எனக்கே தெரியும்.

சுலைகாள்


சிவகாசி,
5-4-1962

தம்பிக்கு,

சலாம். சுகம். நீயும் சுகமாக இருப்பாய்.

மார்க்கச் சட்டத்தில் ஒரு மசாயில் கேட்டு எழுது. கூட வேலை செய்கிற ஒருத்தி பெருநாளுக்கென்று நிய்யத்து வைத்து ஆடு வாங்கினாள். வாங்கும்போது ஒரு குறையும் இல்லை. இப்போது அதற்கு ஒரு கண் போய்விட்டது. அதைக் கொடுத்தால் கூடுமா, கூடாதா? அவள் இங்கே அஸரத்திடம் கேட்கக் கூச்சப்படுகிறாள். உங்கள் அஸரத்திடம் கேட்டு உடனே எழுது.

வேறு விசேஷம் இல்லை.

சுலைகாள்


பினாங்கு,
16-4-1962

அன்புள்ள அக்காவுக்கு,

சலாம். உங்கள் கடிதம் கண்ட அன்றே அஸரத்திடம் போனேன்.

ஒற்றைக்கண் பிராணி குர்பானிக்குக் கூடாது, அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் வாங்கிய பிறகு ஊனப்பட்டால், நம் ஹனபி சட்ட வழியில் அவர் ஒரு கேள்வி கேட்டார். "அந்தம்மா வசதி உள்ளவங்களா, இல்லாதவங்களா?"

வசதி உள்ளவருக்குக் குர்பானி எப்படியும் கடமை. அவர் வேறு பிராணி வாங்கித்தான் கொடுக்க வேண்டும். வசதி இல்லாதவருக்கு அது கடமையே இல்லை. இல்லாத நிலையிலும் அவர் நிய்யத்து வைத்து ஒன்றை வாங்கினால், அந்தப் பிராணிதான் அவர் கடமை. பிறகு அதன் கண் போனாலும் கால் போனாலும் அதையே கொடுக்கலாம், அல்லாஹ் ஏற்றுக்கொள்வான். இவ்வளவுதான் மசாயில்.

அக்கா, உங்கள் கம்பெனியில் நம் ஆட்கள் வேறு யாரும் இல்லை என்று நீங்கள்தான் முன்பு எழுதியிருந்தீர்கள்.

எந்தக் கண்?

சிக்கந்தர்


சிவகாசி,
25-4-1962

தம்பிக்குச் சலாம்.

இடது கண்.

பங்குனிப் பாதியில் கம்பெனிக் கழிவை ஓடைக்கரைப் பள்ளத்தில் போட்டு எரித்தார்கள். எல்லாம் பசைத்தாள். வாசம் பிடித்துக் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியிருக்கிறது. கழிவுக்குள் எங்கோ ஒரு வெடி வெடிக்காமல் கிடந்திருக்கிறது. சத்தம் கேட்டு நான் போய்ச் சேரும்போது தலையை ஆட்டிக்கொண்டு நின்றது. கத்தக்கூட இல்லை. மாட்டு டாக்டர் வந்து, உயிருக்குப் பயமில்லை, கண் அவ்வளவுதான் என்றார். போர்மேனை ஏசி என்ன, விதியை ஏசி என்ன? பசைத்தாள் தின்னப் பழக்கியது யார்? நான்தான். தின்னுகிற அழகைப் பார்த்துப் பார்த்து ஊட்டியது நான்தான்.

அய்யம்மாளும் அழுதாள். "எங்க ஆத்தாளும் ஒச்சம் உள்ளத ஏத்துக்கிட மாட்டா மதினி. வேற குட்டி வாங்கிருவோம்" என்றாள். எதை வைத்து வாங்குவது என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இப்போது உன் அஸரத்தின் கேள்விக்கு வருவோம். வசதி உள்ளவளா, இல்லாதவளா? எப்பேர்ப்பட்ட கேள்வி! ஒரு பெண்பிள்ளையைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது? பள்ளிவாசலில் போய் நான் இல்லாதவள் என்று சொன்னால் என்ன ஆகும் தெரியுமா? "பினாங்குல தம்பி கடை வச்சிருக்கான், அக்கா இல்லாதவளா?" என்பார்கள். அப்போது உன் பேர் எங்கே போகும்? கத்தரிப்பூப் பட்டு எங்கே போகும்? அறுத்த மத்தியானமே ராபியா இல்லாதவர்கள் பங்கை எனக்குக் கொடுத்தனுப்புவாள். அத்தா காலத்திலிருந்து நம் வாசலிலிருந்து கறி போயிருக்கிறது. நம் வாசலுக்கு வந்தது கிடையாது.

சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் இந்த வருஷமும் என் பேர் சொல்லப்படாது. ஒரு வருஷம் வளர்த்த கெடா வெறும் கெடாவாக நிற்கும்.

நீ பணம் அனுப்புகிறேன் என்று எழுதாதே. உன் கையில் புண் என்று எனக்குத் தெரியும்.

சுலைகாள்


பினாங்கு,
4-5-1962

என் அக்காவுக்கு,

சலாம்.

கடை இல்லை அக்கா. கூட்டாளி ஏமாற்றிவிட்டான், இரண்டு வருஷமாகிறது. நான் இன்னொருத்தர் சாப்பாட்டுக் கடையில் தட்டு கழுவுகிறேன். உங்களுக்குத் தெரிந்திருக்கும் என்று எனக்கும் தெரியும். நீங்கள் பட்டுக் கதை எழுதும்போதெல்லாம் கழுவுகிற இடத்தில் நின்று படித்து, சிரிப்பும் வரும், செத்துவிடலாம் போலவும் இருக்கும். அன்றைக்கு அஸரத் சொன்னாரே, விட முடியாத ஒன்று என்று. எனக்கு அது இந்தப் பொய்தான். முதலாளி சிக்கந்தர் என்ற பேர்.

இன்று நம் ஊர் அஸரத்துக்குத் தனியாக ஒரு கடிதம் போட்டிருக்கிறேன். "என் அக்கா வசதி இல்லாதவர். இரண்டு வருஷமாக நான் ஒன்றும் அனுப்பவில்லை. குற்றம் என்னுடையது. அவர் கெடா கூடும்" என்று எழுதியிருக்கிறேன். ஜமாஅத்தில் படித்துக் காட்டினாலும் சரி.

நீங்கள் யார் முன்னாலும் நிற்க வேண்டாம். அது உங்கள் பேருக்கு நடக்கட்டும்.

உங்கள் தம்பி,
சிக்கந்தர்


சிவகாசி,
18-5-1962

என் கண்ணான தம்பி சிக்கந்தருக்கு,

உன் அக்கா மனம் நிறைந்து சலாம் சொல்கிறேன். சுகம். இப்படி ஒரு சுகம் எனக்கு இருந்ததே இல்லை. முழுக்கப் படி, அவசரப்படாதே.

ஹஜ்ஜுப் பெருநாள் மாதமான துல்ஹஜ் பிறை பார்த்த அன்றே நகம் வெட்டுவதை நிறுத்திவிட்டேன். குர்பானி கொடுக்கிறவர் அறுப்பு முடிகிறவரை நகமும் முடியும் களையக்கூடாதே. முடிவு எடுக்கும் முன்னாலேயே நிறுத்தினேன் என்றால் பார்த்துக்கொள். நகம் வளர வளரத் தாள் கிழிகிறது. "ஏங்க்கா, நகத்தை வெட்டித் தொலைங்க, லோடு போகணும்" என்று பெத்தணன் கத்துகிறான். அவனுக்கு என்ன பதில் சொல்வது? குர்பானி கொடுக்கப் போகிறேன் என்று சொல்ல வேண்டும், இல்லை நகத்தை வெட்ட வேண்டும். "நான் குர்பானி கொடுக்கிறவ, வெட்டமாட்டேன்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு வேறு வழி இல்லை. நேரே அஸரத் வீட்டுக்குப் போனேன். உன் கடிதம் வர மூன்று நாள் இருக்கிறது அப்போது.

அஸரத்தோடு ஜமாஅத் ஆட்கள் நாலு பேர் இருந்தார்கள். உள்ளே ராபியாவும் அஸரத் வீட்டம்மாவும். நான் கதவோரம் நின்று சொன்னேன். "என் கெடாவுக்கு ஒரு கண்ணு போயிருச்சு. நான் இல்லாதவ. தம்பி பட்டு அனுப்புனான், மாடு கொடுத்தான்னு நான் சொன்னதெல்லாம் நான் கட்டுன கதை. அவனைக் குத்தம் சொல்லாதீக. என் வீட்டுப் பெட்டியில ஒண்ணும் கிடையாது." ஒரே மூச்சில் சொன்னேன். தலையைக் குனியவில்லை.

அஸரத் "அப்ப கூடும்மா. உங்க கெடாவே கூடும்" என்றார்.

பெருநாளுக்கு முந்தின நாள் அஸரத் என்னை வரச்சொல்லி ஆள் அனுப்பினார். உன் கடிதம் கையில் இருந்தது. என்னைப் படிக்கச் சொன்னார். படித்தேன். அந்த மனுஷர் தாடியைத் தடவிக்கொண்டு, "அக்கா தப்பைத் தன் மேல போட்டுக்கிட்டாக. தம்பி அங்கன இருந்து தன் மேல போட்டுக்கிட்டாரு. அறுக்க வேண்டியதை நீங்க ரெண்டு பேரும் அறுத்துட்டீக. இனி கெடாதான் பாக்கி" என்றார். அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அன்றைக்கும் அங்கே வந்திருந்த ராபியாதான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

பெருநாள் தொழுகை முடிந்து மோதினார் வந்தார். கெடாவுக்குத் தண்ணீர் காட்டினேன். இடது பக்கமாகச் சாய்த்து தொழுகைத் திசையான கிப்லாவைப் பார்க்கப் படுக்க வைத்தோம். நல்ல கண் மேலே இருந்தது. கத்தி தெரியக்கூடாதே என்று உள்ளங்கையால் அதைப் பொத்தினேன். என் கையில் பசை வாசம். நாக்கை நீட்டி மணிக்கட்டை நக்கியது தம்பி. எப்படித் தாங்கினேன் என்று எனக்கே தெரியவில்லை. தெரு ஜனம் முழுக்க நிற்கிறது, மோதினார் "யார் பேருக்கும்மா?" என்று கேட்டார்.

"சுலைகாள் பேருக்கு" என்றேன். அவரும் உரக்கச் சொன்னார். ஓடைக்கரை வரை கேட்டிருக்கும். பிஸ்மில்லாஹி அல்லாஹு அக்பர்.

மூன்று பங்கு வைத்தேன். சொந்தபந்தங்களுக்கு ஒன்று, இல்லாதவர்களுக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று. அய்யம்மாளுக்கு முதல் ஆளாகக் கொடுத்தேன். நகத்தையும் வெட்டினேன்.

மத்தியானம், நான் சொன்னேனே, அப்படியே நடந்தது. ராபியா தூக்குச்சட்டியோடு வந்தாள். ஆள் விட்டு அனுப்பவில்லை, அவளே வந்தாள். இல்லாதவர்கள் பங்கு. தெரு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அவளுக்கே கூச்சம். நான் வாசலில் நின்று இரண்டு கையையும் நீட்டி வாங்கினேன். வாங்கி உள்ளே கொண்டுபோய்ப் பாத்திரத்தில் தட்டிவிட்டு, சட்டியைக் கழுவி, என் கெடாவின் தொடைக்கறியை அது நிறையப் போட்டு அவள் கையில் கொடுத்தேன். "இது என்னக்கா?" என்றாள். "சுலைகாள் பேருக்கு அறுத்தது. உங்க வீட்டுக்கு" என்றேன். அவள் சட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனாள்.

கடை போனதெல்லாம் ஒரு போக்கா? உன் பேர் இந்தத் தெருவில் இப்போதுதான் நல்ல பேர். ஜமாஅத்தில் உன் கடிதத்தைப் படித்தபோது பெரியவர்கள் கண் கலங்கினார்களாம். அத்தா இருந்திருந்தால் மீசையை முறுக்கியிருப்பார்.

பட்டு வரவில்லை என்று ஊருக்கே தெரிந்துவிட்டது. இனி உனக்கு என்ன கூச்சம்? வெறுஞ்சட்டியைத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் நம் வீட்டில் கிடையாது. வெறுங்கையோடு வந்த தம்பியைத் திருப்பி அனுப்பும் வழக்கமும் கிடையாது.

கப்பல் ஏறி வா. புண்ணுக்கு வேப்பெண்ணெய் இங்கேயே இருக்கிறது.

உன் அக்கா,
சுலைகாள்